எடைச்சீட்டு

காலை ஆறே காலுக்கு எடைமேடையைக் கூட்டிவிடுகிறேன்.
சேறு ஒட்டியிருந்தால் எண் கூடும்,
சேற்றுக்கும் சேர்த்து நகராட்சி காசு கொடுக்கும்.

சென்னிமலை ரோட்டுக்குத் தெற்கே
பதினோரு ஏக்கர், இருபத்தாறு வருசத்துக் குப்பை.
மேலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறான் பீகார் ராஜ்தேவ்.
முதல் அடுக்கில் முகக்கவசம், முகக்கவசம், முகக்கவசம்.
அதற்குக் கீழே செல்லாத ஐநூறு ரூபாய் ஒன்று
மடிப்புக் கலையாமல்.
இன்னும் கீழே கேசட் நாடா,
குடல்போல உருளைச் சல்லடையில் சுற்றிக்கொண்டு
அரை நாள் மிஷின் நின்றது.
பனியன் வெட்டுத்துணி எல்லா அடுக்கிலும்.
சிவப்பு இன்னும் சிவப்பாகவே இருக்கிறது.
சாயத்தை மட்டும் நம்மூரில்
நேர்மையாகத்தான் போட்டிருக்கிறார்கள்.

மண் ஒரு லாரி. கல் ஒரு லாரி.
சிமெண்டுச் சூளைக்குப் போகும் பிளாஸ்டிக் மூட்டை ஒரு லாரி.
ஒவ்வொன்றுக்கும் மூன்று சீட்டு,
வெள்ளை, மஞ்சள், ரோஸ்.

புதுக் குப்பை அக்கட்ட.
சந்தைத் தக்காளியும் மண்டபத்து வாழை இலையும்
மூடின தொட்டிக்குள் போய் வாயுவாகின்றன.
முகூர்த்த நாளில் தொட்டி கூடுதலாக ஏப்பம் விடும்.
ரெண்டு குப்பை வண்டி அதில்தான் ஓடுது.

பிரிக்காமல் வந்தால் வாங்கக் கூடாது, அதுதான் புதுச் சட்டம்.
கவுன்சிலர் மச்சினன் மண்டபத்து லாரி வந்தது,
சாம்பாரும் தண்ணி பாட்டிலும் ஒரே மூட்டையில்.
"திருப்புங்க" என்றேன்.
"நீ ஆருன்னு தெரியுமா" என்று அவரே இறங்கி வந்தார்.
"நான் ஆருன்னு சீட்டுல கையெழுத்து இருக்குதுங்க."
ஏற்றின எடை ஆயிரத்து நூற்று முப்பது,
இறக்கினது ஒன்றுமில்லை.
அப்படியே அச்சடித்துக் கொடுத்தேன்.
சாயங்காலம் இலை தனியாக வந்தது,
உள்ளே மூன்று கரண்டியோடு.

போன மாசம் ஓசூரிலிருந்து இர்ஃபான் வந்தார்.
கணக்கைச் சரிபார்க்கிறவர்.
கையில் மஞ்சள் மீட்டர்.
மேட்டில் குழாய் குழாயாக நிறுத்தி மூக்கு வைத்துப் பார்த்தது அது.
மாசி வெயிலில் தானே பற்றிக்கொள்ளும் மேடு.
"வெளியே போகாத வாயுவுக்குத்தான் காசு" என்றார்.
"போகாததை எப்படிங்க எடை போடறது?"
"இப்படியே விட்டிருந்தால் எவ்வளவு போயிருக்கும்,
முதலில் அந்தக் கணக்கு. அதிலிருந்து கழிக்க வேண்டும்."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவர் கோபித்துக்கொள்ளவில்லை.
என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு,
"குப்பாத்தாள், இந்த வேலைக்காக வைத்த பேரா?"

இல்லைங்க.
எனக்கு முன்னால் மூணு.
மூணுக்கும் பேர் வைக்கிற அளவு நாள் கிடைக்கவில்லை.
நாலாவதாக வந்த என்னை
ஈரம் காயாமல் எருக்குழியில் கிடத்தி,
இது ஆருக்கும் வேண்டாதது என்று சத்தமாகச் சொல்லி,
எடுத்தவளிடம் தவிடு கொடுத்து
அம்மா திரும்ப வாங்கினாளாம்.
எமன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு
சீ, குப்பை, என்று போய்விட்டான்.
நடக்காமல் போனதுக்கு
நாற்பத்து மூணு வருசமாக நான்தானுங்க சீட்டு.

இர்ஃபான் மடிக்கணினியை மூடவும் இல்லை,
எதையும் தட்டவும் இல்லை.
கொஞ்ச நேரம் கழித்து
தராசுக்குக் கடைசியாக முத்திரை வைத்த தேதி கேட்டார்.
சொன்னேன்.

நாங்கள் விடாத புகையை
வாங்குகிறவர்கள் விமானம் விடுகிறவர்களாம்.
"அதில் எங்களுக்குத் தவிடு எவ்வளவுங்க?
சல்லடைகிட்ட நிற்கிற ஒன்பது பேருக்கு?"
அது மன்றத் தீர்மானத்தில் வரும் என்றார்.
மன்றம் ரெண்டு தடவை ஒத்திவைத்தாயிற்று.

நேற்று கடைசி லாரி போன பிறகு
நானே மேடையில் ஏறி நின்றேன்.
அறுபது.
பத்துப் பத்தாகத்தான் காட்டும் அது,
முன்னேபின்னே இருக்கலாம்.
அன்றைக்குக் கொடுத்த தவிடு
ஒரு படியா, ரெண்டு படியா,
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.